பூச்சாண்டி சாப்பிட்டாச்சா?

சின்னப் பிள்ளைக்குப் போய் யாராவது பேய்க் கதை வாசித்துக் காட்டுவார்களா என்று பெரியம்மா போன வாரம் கோபப்பட்டார். மகள் மடியில் விரித்து வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்ததும் வந்த கோபம். ராத்திரி அலறினால் என்ன செய்வாய், காய்ச்சல் வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். அக்கறையில் கேட்டதுதான். வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'லியோ: எ கோஸ்ட் ஸ்டோரி'. 2015இல் அமெரிக்காவில் வந்தது. கதை மேக் பார்னெட், படங்கள் கிறிஸ்டியன் ராபின்சன். லியோ ஒரு சின்னப் பையன், பேய். ஆளில்லாத வீட்டில் வருஷக்கணக்காகத் தனியாக இருக்கிறான். தரையில் படிந்த தூசியில் விரலால் படம் வரைந்து பொழுதைக் கழிக்கிறான். ஒருநாள் ஒரு குடும்பம் அந்த வீட்டுக்குக் குடிவருகிறது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுக்களைக்குப் போய்ப் புதினா டீ போட்டு, ரொட்டியில் தேன் தடவி, தட்டில் வைத்துக் கொண்டுவருகிறான். வந்தவர்கள் கண்ணுக்கு லியோ தெரியமாட்டான். தட்டு மட்டும் அந்தரத்தில் மிதந்து வருகிறது. அவ்வளவுதான், விழுந்தடித்துக்கொண்டு ஓடிப்போய்க் குளியல் தொட்டிக்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

இந்தப் பக்கம் வந்ததும் என் மகள் கையை வைத்துப் புத்தகத்தைத் திருப்பவிடாமல் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஐந்து வயது. பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். தட்டைக் காட்டி, "அம்மா, டீ ஆறிரும்லா?" என்றாள்.

பெரியம்மாவுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது பேய். என் பிள்ளைக்குத் தெரிந்தது, ஆசையாகப் போட்டுக் கொண்டுவந்த டீயை யாரும் தொடவில்லை என்பது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? அவள் இன்னும் அரளக் கற்றுக்கொள்ளவில்லை. அதை அவளுக்குக் கற்றுக்கொடுக்கப்போவது இந்தப் புத்தகம் இல்லை. நாம்தான்.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பேயை முதலில் அறிமுகப்படுத்துவது சோற்றுக் கிண்ணம். "ஆ காட்டு, இல்லன்னா பூச்சாண்டிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்." நானும் அப்படித்தான் தின்று வளர்ந்தேன். வாய்க்குள் போன பருப்புச் சோற்றின் ருசி ஞாபகம் இல்லை. கொல்லைக் கதவுக்குப் பின்னால் நிற்பதாகச் சொன்ன ஆள் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறான். பத்து வயது வரைக்கும் ராத்திரி ஒன்றுக்குப் போக அம்மாவை எழுப்பினேன். இது எந்தப் புத்தகம் வாசித்ததால் வந்த பயம்? பேயைக் காட்டிச் சோறு ஊட்டுகிற நமக்கு, கையில் சோற்றோடு வருகிற பேயைக் கண்டால் ஏன் இவ்வளவு கோபம் வர வேண்டும்?

கதைக்கு வருகிறேன். அந்தக் குடும்பம் விஞ்ஞானியை அழைக்கிறது, பாதிரியாரை அழைக்கிறது, பேயை விரட்ட. நாம் இங்கு வேப்பிலையோடு ஆளைத் தேடிப் போவதில்லையா, அதேதான். தன்னை யாருக்கும் வேண்டாம் என்று லியோவுக்குப் புரிந்துவிடுகிறது. வீட்டை விட்டுக் கிளம்பி ஊருக்குள் போகிறான். யாருக்கும் அவன் தெரியவில்லை. ஜேன் என்கிற ஒரு சிறுமிக்கு மட்டும் தெரிகிறான். அவள் ராஜா, அவன் படைவீரன் என்று விளையாடுகிறார்கள். ராணி இல்லை, ராஜா! அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அவனைத் தான் மனசுக்குள் உண்டாக்கிக்கொண்ட நண்பன் என்றே ஜேன் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பேய் என்று சொன்னால் இவளும் ஓடிவிடுவாளோ என்று லியோவும் வாயைத் திறக்கவில்லை.

ராபின்சனின் படங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நீலம், கறுப்பு, சாம்பல். ஏறக்குறைய இவ்வளவுதான் வண்ணம். காகிதத்தை வெட்டி ஒட்டியும் வண்ணம் தீட்டியும் செய்திருக்கிறார். லியோவுக்கு உடம்பு கிடையாது, வெறும் நீலக் கோடு. கோட்டுக்குள் பின்னால் இருக்கிற சுவர் தெரிகிறது. அந்த ஒற்றைக் கோட்டை வைத்துக்கொண்டு, தோள் தொங்கிப்போய் நிற்கிற ஒரு பையனைக் காட்டிவிடுகிறார். அந்த ஆண்டின் சிறந்த சித்திரப் புத்தகங்களில் ஒன்றாக நியூயார்க் டைம்ஸ் இதைத் தேர்ந்தெடுத்தது.

வாசிக்கும்போது நான் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். 'கோஸ்ட்' என்று வருகிற இடங்களில் முதலில் எனக்கே நாக்கு தயங்கியது. பேய் என்று சொன்னதும் பேய் பிடிப்பது, பேய் ஓட்டுவது, புளியமரம் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. அப்புறம்தான் காரைக்கால் அம்மையார் ஞாபகம் வந்தார். சிவனடியார் பசியோடு வந்தபோது, கணவன் கொடுத்தனுப்பிய மாங்கனியை எடுத்துச் சோற்றோடு படைத்தவர். பிறகு பேய் வடிவத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டவர். தன் பதிகத்தில் 'காரைக்காற் பேய்' என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அவரைச் சிவன் 'அம்மையே' என்று அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. பசித்தவருக்குச் சோறு போட்ட கையும் பேயின் கையும் ஒன்றாக இருக்கிற மொழி இது. பிறகு எனக்குத் தயக்கம் வரவில்லை. லியோ பேய்தான். நல்ல பேய் என்றுகூடச் சேர்த்துச் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட பேய்கள் அமெரிக்காவில் நேற்று வந்தவை அல்ல. 1944இலேயே ராபர்ட் பிரைட் 'ஜார்ஜி' என்று ஒரு குட்டிப் பேயை வரைந்துவிட்டார். அது தினமும் ராத்திரி மாடிப்படியைக் கிறீச்சிட வைக்கும், கதவைக் கிறீச்சிட வைக்கும். தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று வீட்டுக்காரர்களுக்கு அதுதான் அடையாளம். வீட்டுக்காரர் படியைச் சரிசெய்து கீலுக்கு எண்ணெயும் விட்டபிறகு ஜார்ஜிக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. இருட்டில் கேட்கிற சத்தத்தை 'சரி, தூங்கலாம்' என்று பிள்ளைகளின் காதில் மாற்றிப் போட்ட கதை. என் சின்ன வயசில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் அந்தக் கொல்லைக் கதவுக்கு அப்படிப் பயந்திருக்கமாட்டேன்.

லியோ கடைசியில் ஜேனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். நான் நீ நினைத்த மாதிரி இல்லை, நான் பேய், உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன் என்கிறான். அதற்கு ஜேன், அப்படியென்றால் இன்னும் நல்லதாகப் போயிற்று என்கிறாள். இந்த இடத்தை மகள் ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்கிறாள். இரண்டாவது தடவை ஜேன் பேசுவதை அவளே சொல்லிவிடுகிறாள். அலறலும் இல்லை, காய்ச்சலும் இல்லை பெரியம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். மகள் வாயை மூடிக்கொண்டு அடம்பிடித்தாள். ஆச்சி ரசச் சோற்றை உருட்டி வைத்துக்கொண்டு, "தின்னுட்டி, பூச்சாண்டி வந்து நிக்கான் பாரு வாசல்ல" என்றாள்.

மகள் எட்டி வாசலைப் பார்த்தாள். "அவன் சாப்பிட்டாச்சா ஆச்சி?"

ஆச்சியின் கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த உருண்டையைக் கிண்ணத்தின் ஓரத்தில் தனியாக ஒதுக்கி வைத்தாள். "இல்லட்டி. இது அவனுக்கு. நீ அடுத்ததுக்கு வாயத் தொற."