அல்ஜியர்ஸின் கீழ்நகரை இடித்தவர்கள்

அல்ஜீரியாவின் தலைநகரான அல்ஜியர்ஸின் கடற்கரையில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கட்டடங்களைக் காட்டி, பிரான்ஸ்தான் அந்நகரத்தை உருவாக்கியது என்று எழுதுவோர் இன்றும் இருக்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது. 1830இல் பிரெஞ்சுப் படை வந்திறங்குவதற்கு ஏறத்தாழ 870 ஆண்டுகளுக்கு முன்பே, பழைய உரோமக் குடியிருப்பான இகோசியத்தின் சிதைவுகள்மீது ஸீரி அரசகுலத்தைச் சேர்ந்த புலுக்கீன் இப்னு ஸீரி இந்நகரை மீண்டும் எழுப்பிவிட்டார். கரைக்கு எதிரே தீவில் ஸ்பானியர் கட்டியிருந்த கோட்டையை 1529இல் கைப்பற்றிய உஸ்மானியக் கடற்படைத் தலைவர் ஹைருத்தீன் பார்பரோசா, அத்தீவைக் கரையோடு இணைத்துத் துறைமுகம் அமைத்தார். அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு ஐரோப்பிய அரசுகள் அஞ்சிய கடற்படைத் தளமாக அது விளங்கியது. அங்கே கப்பல்களும் சரக்கும் மட்டுமன்றி, கடலில் சிறைபிடிக்கப்பட்ட மனிதர்களும் விற்கப்பட்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1830 ஜூலை 5ஆம் நாள் ஆட்சியாளர் ஹுசைன் தேயிடம் கையெழுத்து வாங்கிய சரணடைவு ஒப்பந்தத்தில், மக்களின் மதத்துக்கும் சொத்துக்கும் தீங்கு நேராது என்று பிரெஞ்சுத் தளபதி உறுதியளித்திருந்தார். மை காய்வதற்குள் அந்த உறுதி காற்றில் பறந்தது. படைகள் அணிவகுக்க இடம் வேண்டுமென்று கீழ்நகரின் கடைவீதிகளும் வீடுகளும் இடிக்கப்பட்டன. அஸ்ஸய்யிதா பள்ளிவாசலும் தப்பவில்லை. கெச்சாவா பள்ளிவாசல் 1832இல் கையகப்படுத்தப்பட்டுத் தேவாலயமாக்கப்பட்டது. 1962இல் விடுதலை கிடைத்த பிறகே அங்கே மீண்டும் தொழுகை நடந்தது.

இடித்த இடத்தில் உருவான சதுக்கம்தான் இன்றைய தியாகிகள் சதுக்கம். மெட்ரோ நிலையத்துக்காக அங்கே தோண்டியபோது உரோமர் காலக் கட்டடமொன்றின் மொசைக் தளம், பைசாந்தியக் காலப் புதைகுழிகள், உஸ்மானியர் காலப் பட்டறைகள் என அடுக்கடுக்காக வெளிப்பட்டன. அவற்றைக் காக்கும்பொருட்டு நிலையத்தின் வரைபடத்தையே மாற்றி, அருங்காட்சியகத்துக்கும் இடம் ஒதுக்கி, 2018இல் நிலையத்தைத் திறந்தார்கள். அல்ஜீரிய அரசு செய்த மிக நல்ல செயல்களில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

ஆனால் அதே அக்கறை மேலே குன்றின்மீதுள்ள பழைய நகரான கஸ்பாவுக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம். 1992இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி அது. அங்குள்ள வீடுகள் நடுமுற்றத்தை நோக்கித் திறந்து, மேல்தளங்களை மரக்கழிகள் தாங்க, ஒன்றன்மீது ஒன்று சாய்ந்தபடி நிற்பவை. ஒன்று விழுந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் ஆட்டங்காணும். 1957 அக்டோபரில் விடுதலைப் போராளி அலி லா புவாந்த் ஒளிந்திருந்த வீட்டைப் பிரெஞ்சு வீரர்கள் வெடிவைத்துத் தகர்த்தபோது, அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களும் இடிபாடுகளில் மடிந்தார்கள். எனவே தனித்தனி மாளிகைகளைப் புதுப்பித்து நாடா வெட்டுவதால் கஸ்பா பிழைக்காது. தெருத் தெருவாக, கூரையும் நீர்வடிகாலும் சேர்த்துச் சீரமைக்க வேண்டும். அங்கே வாழும் குடும்பங்களை நகருக்கு வெளியேயுள்ள அடுக்குமாடிகளுக்கு நிரந்தரமாக அனுப்பிவிடாமல், வேலை முடிந்ததும் அவரவர் வீட்டுக்கே திரும்ப வழிசெய்ய வேண்டும்.