நான் சும்மா சிரிச்சேன், அவ்வளவுதாம்மா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மகனின் பள்ளியிலிருந்து போன் வந்தது. கொஞ்சம் நேரில் வந்து போகச் சொன்னார்கள். டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வர்த்திலிருந்து கார் ஓட்டிக்கொண்டு போன வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. யார் என் பிள்ளையை என்ன செய்தார்களோ என்று. சண்டை போடுவதற்கான வசனங்களைக்கூட மனசுக்குள் தயார் செய்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று.

இந்தத் தென்னாப்பிரிக்காவில் ஹைஸ்கூல் எட்டாம் வகுப்பில் தொடங்கும். பல ஊர்ப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் வந்து சேருவார்கள். அப்படிச் சேர்ந்த ஒரு பையனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். அவன் எழுந்து பாடம் வாசித்ததை ஒருவன் மேசைக்கடியில் போனை வைத்துப் பதிவு செய்து, கூடவே தானும் அதேபோல் திக்கிப் பேசிச் சேர்த்து, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் நோட்டாகப் போட்டிருக்கிறான். மூன்று வாரம், கிட்டத்தட்ட தினம் ஒன்று. என் மகன் பதிவு செய்யவில்லை, பேசிக் காட்டவும் இல்லை. அவற்றில் பலவற்றுக்குக் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்தைப் போட்டிருக்கிறான். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது தடவை. அதில் இரண்டை வேறு குழுவுக்கும் தள்ளிவிட்டிருக்கிறான். அந்தப் பையன் ஆறு நாளாகப் பள்ளிக்கே வரவில்லை.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "நான் ஒண்ணும் செய்யலையேம்மா. சும்மா சிரிச்சேன், அவ்வளவுதாம்மா. எல்லாரும்தான் சிரிச்சாங்க." (சொன்னது ஆங்கிலத்தில். அவனுடைய தமிழ் சாப்பாட்டோடும் கோயிலோடும் நின்றுவிடும். சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறவள் பிள்ளையின் லட்சணம் இது.)

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை.

நம் மொழியில் கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, பகடி, பரிகாசம், எகத்தாளம் என்று சிரிப்பின் ஒவ்வொரு வகைக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஒருத்தனை மட்டும் குறிவைத்து, நாள் விடாமல், கூட்டமாகச் சேர்ந்து நசுக்குவதற்குச் சட்டென்று வாயில் வரும் ஒரு சொல் இல்லை. 'புல்லியிங்' என்று கடன் வாங்குகிறோம், இல்லையென்றால் 'கிண்டல் பண்ணாங்களாம்' என்று முடித்துவிடுகிறோம். கிண்டல் என்று சொன்னதும் விஷயம் பாதி லேசாகிவிடுகிறது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர் டான் ஓல்வேயுஸ் என்ற ஆய்வாளர். 1982 கடைசியில் நார்வேயின் வடக்கே மூன்று சிறுவர்கள் சகமாணவர்களின் கொடுமையால் உயிரை விட்டதாகச் செய்தி வர, மறு வருடமே அந்த அரசு நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. அதில் முக்கியப் பங்கு அவருக்கு. மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே நோகடிப்பது, திரும்பத் திரும்பச் செய்வது, திருப்பித் தர முடியாத நிலையில் இருப்பவனிடம் செய்வது. சம பலமுள்ள இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டால் அது சண்டை. திக்கிப் பேசுகிற ஒருவனை நாற்பது பேர் உள்ள குழுவில் வைத்துத் தினம் பேசிக் காட்டினால் அது சண்டையும் இல்லை, விளையாட்டும் இல்லை.

என்னை அன்று ராத்திரி உலுக்கியது வேறொன்று. கனடாவின் டொரண்டோவில் பள்ளி மைதானங்களில் கேமராவும் பிள்ளைகளின் உடையில் சின்ன மைக்கும் வைத்துப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் 2001இல் வெளிவந்தன. நூறு சம்பவத்தில் 88இல் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றிருக்கிறார்கள். யாராவது ஒரு பிள்ளை குறுக்கே வந்தது 19இல்தான். ஆனால் அப்படி வந்தபோது பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே நொடிக்குள் அது நின்றுவிட்டது. பத்து நொடி! நாம் டீச்சரைத் தேடிப் போகக்கூட அது போதாது.

பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி இந்தக் கூட்டத்தையே பிரித்துப் பார்த்தார். செய்கிறவன் ஒருவன், கைகொடுக்கிறவன் சிலர், சிரித்து ஏற்றிவிடுகிறவன் சிலர், கண்டுகொள்ளாமல் விலகிப் போகிறவன் பலர், காப்பாற்ற வருகிறவன் ஓரிருவர். அதை அடிப்படையாக வைத்துத் துர்க்கு பல்கலைக்கழகத்தில் 'கிவா' என்ற திட்டம் உருவாகி, 2009இல் பின்லாந்து முழுவதும் பள்ளிகளுக்குப் போனது. அதன் கணக்கு நம் தெருக்கூத்துக்காரர்களுக்கே தெரிந்ததுதான். கூட்டம் கலைந்தால் ஆட்டம் நின்றுவிடும். அந்த வாய்ஸ் நோட்டைப் போட்டவன் திக்குவாய்ப் பையனுக்காகப் போடவில்லை. என் மகனின் மஞ்சள் முகத்துக்காகப் போட்டான். ஒன்பது தடவை கூலி கொடுத்திருக்கிறான் என் பிள்ளை.

பள்ளி என்ன செய்தது? நல்ல மனசோடுதான் செய்தார்கள், ஆனால் தப்பாகச் செய்தார்கள். பதிவு போட்டவனையும் அந்தப் பையனையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கை குலுக்கச் சொன்னார்கள். இரண்டு சமமானவர்களின் தகராறுக்குத்தான் சமரசம். இங்கே கை குலுக்கியதும் பெரியவர்களின் கணக்கு முடிந்தது, அந்தப் பையனின் கணக்கு ஸ்கூல் வேனின் பின் சீட்டில் மறுபடி திறந்தது. தனித்தனியாகப் பேசியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், சிரித்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு 'நாளையிலிருந்து அவனுக்காக நீ செய்யக்கூடிய சின்ன விஷயம் என்ன' என்று கேட்டிருக்க வேண்டும். வீரனாக வேண்டியதில்லை. இடைவேளையில் பக்கத்தில் உட்காரலாம், பள்ளித் தின்பண்டக் கடையான டக்‌ஷாப் வரிசையில் கூட நிற்கலாம்.

அந்தப் பையனின் அம்மாவிடம் யாரோ சொன்னார்களாம், "வகுப்பில் வாசிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, பிரச்சினை வராது" என்று. இந்த அறிவுரை எனக்கு ஆகவே ஆகாது. கேலி செய்கிறவனை விட்டுவிட்டுக் கேலிக்கு ஆளானவனைச் சுருக்குவது! டர்பன் தமிழர்கள் பலருக்கும் மூக்குத்தி வழக்கு நினைவிருக்கும். நம் தமிழ்ப் பெண் ஒருத்தி மூக்குத்தியோடு பள்ளிக்குப் போனாள், விதிக்கு ஒத்துவராது என்றார்கள், தாய் விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் 2007 அக்டோபரில் அந்தக் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பானது. பிள்ளைகளின் வேறுபாடு பள்ளிக்கு அழகு சேர்க்கிறது என்ற பொருளில் தலைமை நீதிபதி லாங்கா எழுதினார். மூக்குத்திக்குச் சொன்னது திக்குகிற நாக்குக்கும் பொருந்தாதா?

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை, நம் ஆட்களில் பலருக்குத் தெரிவதில்லை. 2013 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிற தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, ஒரு பிள்ளை பெற்றோர் துணை இல்லாமலே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பிள்ளைகளுக்கு உதவும் சைல்ட்லைன் அமைப்புக்கு 116 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். புது மாணவர்களை 'வரவேற்கிறோம்' என்று அவமானப்படுத்துவதைப் பள்ளிச் சட்டமே தடுக்கிறது. 2021 ஏப்ரலில் லிம்போபோ மாகாணத்தில் 15 வயதுப் பெண்ணை இன்னொருத்தி அடித்த காணொளி நாடு முழுவதும் பரவியது ஞாபகம் இருக்கும். அடி வாங்கிய பிள்ளை உயிரோடு இல்லை. அந்தக் காணொளியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அடித்த கை மட்டும் தெரிவதில்லை, அதைப் படம் பிடித்த கையும் தெரிகிறது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மருமகளாக இங்கே வந்து பதினெட்டு வருடம். 1860இல் ட்ரூரோ கப்பலில் முதல் கூட்டம் மதராசிலிருந்து வந்து இறங்கியதே, அதற்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வம்சம் என் வீட்டுக்காரர் குடும்பம். தாத்தாவைக் 'கூலி' என்று கூப்பிட்ட கதையை எங்கள் மாமனார் சாகும்வரை சொல்வார், சொல்லும்போது குரல் கம்மும். அதே வீட்டில் ஞாயிறு மதியம் பிரியாணிக்கு எல்லாரும் கூடினால், கறுப்பான பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர், குண்டான பிள்ளைக்கு ஒன்று, ரொட்டி வட்டமாக வராத மருமகளுக்கு ஒன்று. நான் வந்த புதிதில் என் கொழுந்தனார் நான் ஆங்கிலம் பேசுவதுபோல் பேசிக் காட்டுவார். தலையை ஆட்டி, 'வ'வையும் 'ப'வையும் அழுத்தி. வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் 'ரோஷக்காரி' என்பார்கள் என்று பயம். பதினெட்டு வருடமாக அந்த நடிப்பு நடக்கிறது, போன பொங்கலுக்குக்கூட நடந்தது. என் மகன் தரையில் புரண்டு சிரித்தான்.

காரில் அவன் சொன்னதற்கு எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இப்போது புரிகிறதா? பேச்சைப் பேசிக் காட்டினால் சிரிக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது வாட்ஸ்அப் இல்லை.

அன்பால்தானே செய்கிறோம் என்பீர்கள். சில வீட்டில் அன்புதான். யாருக்கு அது அன்பு என்று பட்டப்பெயர் வாங்கியவரைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

மகன் குழுவில் ஒரு வரி எழுதினான், 'இது வேண்டாம், நிறுத்துங்க' என்று. மூன்று நாள் யோசித்து எழுதினான். இரண்டு பேர் அவனையே நக்கலடித்தார்கள், நாலைந்து பேர் சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறினார்கள். அந்தப் பையன் போன வாரத்திலிருந்து பள்ளிக்கு வருகிறான். இரண்டு பேரும் நண்பர்கள் ஆகிவிடவில்லை. "மேத்ஸ் ஹோம்வொர்க் கேட்டான், கொடுத்தேன்" என்றான், அவ்வளவுதான்.

போன ஞாயிறு கொழுந்தனார் வழக்கம்போல் ஆரம்பித்தார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். "தம்பி, எனக்கு அது பிடிக்கல. முதல் நாள்லேயிருந்தே பிடிக்கல" என்றேன். மேசை அமைதியானது. மகன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான், சிரிக்கவில்லை. கொழுந்தனார் பாதிச் சாப்பாட்டில் கை கழுவி எழுந்து போய்விட்டார். இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் எடுத்தாய் என்று என் வீட்டுக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாளை மறுபடி ஞாயிறு. ஆட்டுக்கறி சொல்லி வைத்திருக்கிறேன். கொழுந்தனாருக்குப் போன் போட வேண்டும், இன்னும் போடவில்லை.