நல்ல மார்க்கையும் மறைக்கிற பிள்ளைகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் நாம் எல்லோரும் ரொம்ப நல்லவர்களாகிவிடுகிறோம். "மதிப்பெண் மட்டுமே வாழ்க்கை இல்லை கண்ணுகளா" என்று ஸ்டேட்டஸ் ஓடுகிறது. வைத்த கையோடு நாத்தனார் வீட்டுக்கு போன் போட்டு, "பையன் எவ்வளவு?" என்றும் விசாரிக்கிறோம்.

பல வருடங்களாக எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். பிள்ளைகள் மார்க்கை மறைப்பதை என்னைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். 23 என்பது 83 ஆகியிருக்கும். பேனா நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அப்பா கையெழுத்தை அண்ணன் போட்டிருப்பான், அண்ணன் இல்லாத பிள்ளைக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன் போட்டிருப்பான். ரேங்க் கார்டு பஸ்ஸில் தொலைந்துபோகும். அப்பா எந்நேரமும் வெளியூரிலேயே இருப்பார். இதற்கெல்லாம் அடிக்குப் பயம்தான் காரணம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அடி விழுகிற வீடுகள் இன்றும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, விடாமல் மறைக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் ஒருவரும் கை ஓங்கியதே இல்லை. செல்லமாக வளர்கிற பிள்ளைகள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் காலாண்டுத் தேர்வில் கணக்கில் 94 வாங்கியிருந்தாள். அதற்கு முன் எழுபதைத் தாண்டாதவள். தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டேன், கார்டு இன்னும் கொடுக்கவில்லை. அந்த வாரம் மார்க்கெட்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். "பாப்பா கலக்கிட்டாளே" என்றேன். அவருக்கு விஷயமே தெரியவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சொன்னா அடுத்த தடவையும் அதே மாதிரி எடுப்பேன்னு நினைப்பாங்க மிஸ். இது எப்படி வந்துச்சுன்னே எனக்குத் தெரியலை" என்றாள்.

94 மார்க்குக்கு எந்த வீட்டிலும் அடி விழாது. அப்படியும் மறைத்திருக்கிறாள். தன் திறமையைப் பற்றி வீட்டில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், அது தப்பான கணக்கு, என்றாவது ஒருநாள் அது தெரிந்துவிடும் என்பதுதான் அவளுடைய பயம். பிள்ளைகளின் பரீட்சைப் பயத்தில் மிக ஆழமாக இருப்பது இந்தப் பயம்தான் என்பது என் அபிப்பிராயம். இதை வளர்ப்பது திட்டு இல்லை. நாம் நல்லெண்ணத்தோடு சொல்கிற ஒரு வாக்கியம்தான் வளர்க்கிறது.

"நல்ல மூளை டீச்சர். உட்கார்ந்து படிச்சா எங்கேயோ போயிடுவான். படிக்கத்தான் மாட்டேங்கிறான்."

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லாத அம்மாவோ அப்பாவோ இல்லை. பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொல்வார்கள். பாராட்டிவிட்டோம் என்ற திருப்தி அவர்களுக்கு. கேட்கிற பையனின் இடத்தில் இருந்து பாருங்கள். உட்கார்ந்து படிக்காதவரை அவனுக்கு நல்ல மூளை இருக்கிறது. உண்மையிலேயே உட்கார்ந்து, ராத்திரி பதினொன்று வரை படித்து, அப்புறமும் 41 வந்தால்? அந்த மூளையும் போச்சு. அதனால் படிக்காமல் இருப்பதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. "திமிர் பிடிச்சவன், புத்தகத்தையே தொடலை" என்று திட்டு வாங்கலாம். "படிச்சும் வரலை" என்ற பேரை மட்டும் வாங்கவே கூடாது. பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று கேட்டுப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் "நான் ஒண்ணுமே படிக்கலைடா" என்பார்கள். எல்லாம் முன்ஜாமீன்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1998-இல் வெளிவந்தது. முதலில் எளிதான புதிர்கள். முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நல்லா முயற்சி பண்ணியிருக்கே" என்றார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள், எல்லோரும் சறுக்கினார்கள். கடைசியில், தாங்கள் வாங்கிய மதிப்பெண்ணை வேறொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னார்கள். யாரென்றே தெரியாத பிள்ளை, பேர்கூடப் போட வேண்டாம். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தது 13 சதவீதம். முகம் தெரியாத ஒருவரிடமே இந்தப் பொய் என்றால், சாயங்காலம் சோறு போட்டுப் பக்கத்தில் உட்காருகிற அம்மாவிடம் எப்படி இருக்கும்?

அரசாங்கம் தன் பங்குக்குச் சிலதைச் செய்து பார்த்தது. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது, மார்க்குக்குப் பதில் ஏ1, ஏ2 என்று கிரேடு. "ஏ1-ன்னா எத்தனை மார்க் டீச்சர்?" என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வியாக இருந்தது. 2017-இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். நல்ல முடிவு. தெருமுனை ஃப்ளெக்ஸ் மட்டும் நிற்கவில்லை. நடுவில் 2019-இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு! அந்தச் சில மாதங்களில் கேள்விப்பட்ட கூத்தை எழுதினால் அது தனிப் பதிவாகிவிடும்.

இதையெல்லாம்விட வீட்டுக்குள் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது செல்போன்தான். முன்பெல்லாம் தாள் கைக்கு வந்ததிலிருந்து வீட்டு வாசல் வரை பிள்ளைக்கு நேரம் இருந்தது. யாரிடம் முதலில் சொல்வது, பாட்டியிடமா அம்மாவிடமா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று யோசித்துக்கொண்டே நடக்கலாம். அந்த நேரத்தில்தான் தைரியம் கொஞ்சம் சேரும். இப்போது பொதுத்தேர்வு முடிவு பதிவு செய்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவே வருகிறது, பெரும்பாலும் அது அப்பாவின் எண். சில பள்ளிகளில் ஸ்லிப் டெஸ்ட் மார்க்கூட வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பட்டியலாக விழுந்துவிடுகிறது. பிள்ளை செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. தன் தோல்வியைத் தன் வாயால் சொல்கிற உரிமையை அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம். மெசேஜ் வந்தாலும் வராத மாதிரி இருங்கள் என்றுதான் நான் பெற்றோரிடம் சொல்வேன். ராத்திரி வரை பொறுங்கள், பிள்ளையே வந்து சொல்லட்டும். முக்கால்வாசிப் பேருக்கு முடிவதில்லை.

அப்புறம் தியாகக் கணக்கு. "உனக்காகத்தான் இந்த ஓட்டம் ஓடறேன்", "உன் ஃபீஸுக்குத்தான் வளையலை வைச்சேன்." பொய் இல்லை, உண்மையாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடனை அடைக்க இருக்கிற ஒரே காசு மார்க்தான். அதுவும் கையில் இல்லாதபோது கடன்காரரின் முகத்தைப் பார்க்கக் கூசும். "அம்மா திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை மிஸ். ஒண்ணுமே சொல்லாம பாத்திரம் கழுவப் போயிட்டாங்க" என்று ஒரு பையன் என்னிடம் சொல்லியிருக்கிறான். திட்டாமல் இருந்ததே பெருந்தன்மை என்று அந்த அம்மா நினைத்திருப்பார்.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தில் 480, 490 என்று வாங்கிய பிள்ளையை யாரும் கேட்காமலே ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்ப்பார்கள். முதல் இடைத்தேர்வில் இயற்பியலில் பாஸ் மார்க்கைத் தொடவே திணறும். பத்தாம் வகுப்புப் பாடத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருக்கிற மேட்டை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவோம், பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. அது என்ன நினைக்கும்? பாடம் கடினமாகிவிட்டது என்று நினைக்காது. நான் புத்திசாலி இல்லை, இத்தனை நாள் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறேன் என்றுதான் நினைக்கும். குரூப் மாற்றிக் கேட்கலாம், காமர்ஸுக்குப் போகலாம். வீட்டில் வாய் திறக்கவே ஒரு வருடம் ஆகிவிடும்.

வேறொரு கூட்டம் இருக்கிறது, உண்மையிலேயே முயன்றும் முடியாத பிள்ளைகள். வாயால் கேட்டால் பதில் டக்கென்று வரும், தாளில் எழுதும்போது எழுத்து இடம் மாறும், வரி தாவும். 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று பட்டியலில் போட்டு, பாஸாவதற்கு வேண்டியதை மட்டும் சுருக்கித் தருகிற மினிமம் மெட்டீரியலைக் கையில் கொடுத்துவிடுகிறோம். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் இருந்தால் நம் பொதுத்தேர்விலேயே கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் கேட்டு வாங்கலாம். "பரிசோதித்துப் பாருங்கள்" என்று சொன்னால் பாதி வீட்டில் கோபம்தான் வருகிறது. "என் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை, சோம்பேறி, அவ்வளவுதான்" என்கிறார்கள். குறைபாடு என்ற பேர் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். சோம்பேறி, மக்கு என்ற பேர் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒட்டியிருப்பது கண்ணில் படுவதில்லை.

இந்தப் பயம் எங்கே போய் முடியலாம் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. எல்லாமே மார்க்கால் இல்லை, சரி. இருந்தாலும் ரிசல்ட் நேரத்தில் பிள்ளை வழக்கத்தைவிட அமைதியாக இருந்தால் தனியே விடாதீர்கள், பக்கத்தில் இருங்கள். 104, 14416 இரண்டு எண்ணிலும் இலவசமாக ஆலோசகர்களிடம் பேசலாம். பிள்ளையும் பேசலாம், பெற்றோரும் பேசலாம். தவறிய பாடத்துக்கு அதே வருடம் துணைத்தேர்வு உண்டு. தேறினால் வருடம் வீணாகாமல் பதினொன்றில் சேரலாம். இதை ரிசல்ட்டுக்கு முந்தின நாளே, டீ குடிக்கிற நேரத்தில் சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். வந்த பிறகு சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும், தகவலாகக் கேட்காது.

"அப்போ மார்க்கைப் பற்றிக் கேட்கவே கூடாதா? கேட்காட்டி படிக்குமா?" என்று கமெண்ட்டில் யாராவது வருவார்கள். கேளுங்கள். மார்க்கைக் கேட்பதற்குப் பதில் விடைத்தாளைக் கேளுங்கள். எங்கள் பள்ளிக்கு ஒரு ஆட்டோ ஓட்டுநர் அப்பா வருவார், ஆறாம் வகுப்போடு நின்றவர். மகள் தாளைக் கொண்டுவந்தால், சிவப்பு மை எங்கே அதிகம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத் திருப்பி, "இது ஏன் தப்புன்னு எனக்குப் புரியுற மாதிரி சொல்லு தாயி" என்பாராம். அவருக்குப் புரிய வைக்கப் பாதி ராத்திரி ஆகும் என்று அவள் அலுத்துக்கொள்வாள். கணக்கில் இப்போதும் அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து என்னிடம் படிக்கிறாள், ஒரு கார்டும் பஸ்ஸில் தொலைந்ததில்லை.