மூன்று நோய்கள் அல்ல, ஒன்றாகவும் இருக்கலாம்

அறுபதைத் தாண்டியவர் முதுகு வலிக்கிறது என்றால் தேய்மானம் என்கிறோம், களைப்பு என்றால் சத்துக் குறைவு என்கிறோம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருந்தால் சர்க்கரையின் மேல் பழியைப் போடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் இவை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரும்போது, எலும்புக்கு ஒரு மருத்துவர், சிறுநீரகத்துக்கு ஒரு மருத்துவர் என்று அலைவதற்கு முன் ‘மல்டிபிள் மைலோமாவாக இருக்குமோ’ என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள்தான் கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கின்றன. அவற்றுள் ஒன்று கட்டுப்பாடிழந்து பெருகி, தன் வம்சத்தாலேயே மஜ்ஜையை நிரப்புவதுதான் இந்தப் புற்றுநோய். சிவப்பணு உற்பத்தி குறைந்து ரத்தசோகை வருகிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் தூண்டப்பட்டு முதுகெலும்பும் விலாவும் அரிக்கப்பட, கால்சியம் ரத்தத்தில் கலக்கிறது. நோயுற்ற செல்கள் ஓயாமல் சுரக்கும் ஒரே வகைப் புரதத்தின் துண்டுகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கின்றன. அப்புரதம் ஆன்டிபாடியின் உருவில் இருந்தாலும் எதற்கும் உதவாத சரக்கு என்பதால், நிமோனியா போன்ற தொற்றுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன.

1845இல் லண்டன் மளிகை வணிகர் ஒருவரின் சிறுநீரை ஆராய்ந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ், கொதிக்கவைத்தால் கரைந்து ஆறியதும் மீண்டும் திரளும் ஒரு புரதத்தைக் கண்டார். மேலே சொன்ன புரதத் துண்டுகள்தான் அவை. இன்று நம் ஊர் ஆய்வகங்களில் பட்டையை நனைத்துப் பார்க்கும் சாதாரணச் சோதனை முக்கியமாக அல்புமின் என்ற ரத்தப் புரதத்தைத்தான் காட்டும். பென்ஸ் ஜோன்ஸ் கண்ட புரதம் அதில் தப்பிவிடக்கூடும். ஆகவே ‘யூரின் நார்மல்’ என்பதை இந்த நோய்க்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வலி மாத்திரைகள் விஷயத்தில்தான். ஏற்கெனவே புரதத்தால் திணறும் சிறுநீரகத்தின் மேல், மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் டைக்ளோஃபெனாக்கை மாதக்கணக்கில் ஏற்றுகிறோம். வலி சற்று அடங்குகிறது, கிரியாட்டினின் ஏறுகிறது.

முதல் தடயம் பெரும்பாலும் கையில் இருக்கும் ரிப்போர்ட்டிலேயே கிடக்கிறது: கல்லீரல் பரிசோதனைத் தாளில் அல்புமினை விடக் குளோபுலின் (ஆன்டிபாடிகள் அடங்கும் புரத வகை) கூடுதல், மிக உயர்ந்த ஈஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் படியும் வேகம்), குறைந்த ஹீமோகுளோபின். சிலருக்குப் புரதத்தின் சிறு துண்டுகள் மட்டுமே சுரப்பதால் குளோபுலின் உயராது; எனவே சந்தேகம் இருந்தால் ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரிசிஸ், அந்தச் சிறு துண்டுகளை அளக்கும் ஃப்ரீ லைட் செயின் என்ற இரண்டு சோதனைகளையும் பார்ப்பதே முறை. உறுதிசெய்ய மஜ்ஜைப் பரிசோதனை வேண்டும்.

அதற்காக எல்லாரையும் சோதிக்கச் சொல்லவில்லை. ஐம்பதைக் கடந்தோரில் சுமார் 3 சதவீதத்தினரின் ரத்தத்தில், நோய் இல்லாமலே, இத்தகைய ஒரே வகைப் புரதம் சிறிதளவு இருக்கும். அவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதத்தினருக்கே அது மைலோமா போன்ற நோயாக மாறுகிறது. ‘முழு உடல் பரிசோதனை’ தொகுப்பில் இதையும் சேர்த்து விற்றால் மிச்சம் பயம்தான்.

முழுமையாகக் குணமாவது இன்றும் அரிதே. ஆனால் 1999இல் தாலிடோமைடு, 2003இல் போர்டெசோமிப், பிறகு லெனாலிடோமைடு, டாராடுமுமாப் என வந்த மருந்துகளாலும், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களைக் கொண்டே செய்யும் மாற்று சிகிச்சையாலும் பலர் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்கிறார்கள். முதல் இரண்டு மருந்துகளும் லெனாலிடோமைடும் இந்தியத் தயாரிப்பாகவே கிடைக்கின்றன. சிகிச்சை விரைந்து தொடங்கினால் பழுதான சிறுநீரகம் பலருக்குத் தேறிவிடுவதுண்டு. நொறுங்கிய முதுகெலும்பு பழைய உயரத்துக்குத் தானாகத் திரும்புவதில்லை.