நிழலை விட ஒரு மெல்லிய கோடு
இணையப் பக்கத்தில் பொருளைக் காட்டும் சிறு படத்துக்கு (தம்ப்நெயில்) கீழே மெல்லிய நிழல் போட்டால் படம் எடுப்பாகத் தெரியும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நல்ல கணினித் திரையில் சரிதான். கிளிநொச்சியில் நடுவெயிலில் போனைப் பிடித்துப் பார்க்கிறவருக்கு அந்த நிழல் இருப்பதே தெரியாது. புதுக்குடியிருப்பில் பனம்பொருள் விற்கும் கடையொன்றுக்கு இணையத்தளம் செய்தேன். ஒடியல் மாவை வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள் (எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள்). வெள்ளைப் பக்கத்தில் போட்டதும் எது மா, எது பக்கம் என்று பிரியவே இல்லை. நிழல் உதவவில்லை. படத்தின் விளிம்போடு ஒரு பிக்சல் சாம்பல் கோடு ஓடவிட்ட பிறகுதான் பெட்டிகள் தனித்தனியாகத் தெரிந்தன. பொத்தான் போன்றவற்றின் விளிம்புக்கு 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 (எல்லாரும் பயன்படுத்தக்கூடிய இணையப் பக்கங்களுக்கான வழிகாட்டி) பக்கத்து நிறத்தோடு கேட்கிற 3:1 மாறுபாட்டையே கோட்டுக்கும் அளவாக எடுத்தேன். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் எல்லாப் படத்தையும் சதுரமாக வெட்டச் சொல்கிறார். ஆனால் படம் பெட்டியில் எப்படிப் பொருந்தும் என்று சொல்லும் ஆப்ஜெக்ட்-ஃபிட்டில், பெட்டியை நிரப்பி மிச்சத்தை வெட்டும் கவர் போட்டால் உயரமான போத்தலின் மூடி போய்விடும், விற்பனைப் பக்கத்துக்கு முழுப் படத்தையும் உள்ளே அடக்கும் கன்டெய்ன்தான் பொருந்தும். அப்புறம், அகலம் உயரம் கொடுத்துப் படத்துக்கு முதலே இடம் பிடித்து வையுங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தைத் தள்ள, பனங்கட்டியைத் தட்டப்போன விரல் புழுக்கொடியலில் விழும்.