சின்ன ராக்கெட்டும் எங்கட கிழக்குக் கரையும்

சின்னச் செய்மதிகளை ஏற்றிச் செல்லும் இந்தியாவின் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு சாரார் கைதட்டுகிறார்கள், இன்னொரு சாரார் "ஏவுகணைக்குப் போட்ட முகமூடி" என்கிறார்கள். மட்டக்களப்பில் இருந்து பார்க்கிற எனக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் படுகிறது.

2022 ஓகஸ்டில் முதல் பயணம் தோல்வியில் முடிந்தது. 2023இலும் 2024இலும் சரியாகப் போனது. 500 கிலோவை 500 கிலோமீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோகும். மூன்று பிரதான கட்டங்களும் திண்ம எரிபொருள். ஏவுகிற நேரத்தில் எரிபொருள் நிரப்பும் பாடு இல்லை, சில நாட்களில் பூட்டி ஏவிவிடலாம். போரில் ஒரு செய்மதி போனால் உடனே இன்னொன்றை அனுப்ப இதைவிட வசதி என்ன? செய்மதியைச் சுட்டு விழுத்த முடியும் என்று 2019இல் தன் செய்மதியையே சுட்டுக் காட்டிய நாடு அது. 1980இல் ரோகிணி செய்மதியை ஏற்றிய பழைய ராக்கெட்டான எஸ்எல்வி-3இன் முதல் கட்டம்தான் 1989இல் அக்னி ஏவுகணையின் அடியில் இருந்தது. ஆகவே "முழுக்க மக்களுக்காக" என்ற கதையை என்னிடம் சொல்ல வேண்டாம்.

அதற்காகப் பயந்து சாகவும் தேவையில்லை. கார்த்திகை மார்கழியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வெள்ளத்தில் கிடக்கும்போது வானம் முழுக்க முகில். சாதாரணக் கமரா செய்மதிக்கு ஒன்றும் தெரியாது. இப்படியான ராக்கெட்டில் ஏற்றக்கூடிய ரேடார் செய்மதி முகிலைத் தாண்டி, இரவிலும் பார்க்கும். எந்த வயல் வெள்ளத்தில் மூழ்கியது என்று காட்டுகிற அதே ரேடார், திருகோணமலைத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது என்றும் காட்டும். பிரித்து வாங்க வழியில்லை.

இன்னொன்று, தூத்துக்குடிப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் புது ஏவுதளம் கட்டுவதற்கு நாங்களும் ஒரு காரணம். இந்தியாவின் இப்போதைய ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து, துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செய்மதிக்காக நேரே தெற்கே விட்டால் கழன்று விழுகிற பாகங்கள் இலங்கைக்கு மேல் வரும். அதனால் வங்காள விரிகுடாப் பக்கம் போய், சுற்றி வளைத்துத்தான் தெற்கே திரும்ப வேண்டும். பெரிய ராக்கெட் அந்த எரிபொருள் நட்டத்தைத் தாங்கும், சின்னது தாங்காது. குலசேகரன்பட்டினத்தில் இருந்து விட்டால் நேரே இந்து சமுத்திரம்.

வாழைச்சேனையில் ஆழ்கடல் படகு வைத்திருக்கும் ஒருவரிடம் இதைப் பேசினேன். "விழுற இடத்த முன்கூட்டியே சொன்னா நாங்க விலகிப் போவம். எங்களுக்கு ஆர் தமிழில சொல்றது?" என்றார். விழுந்தவை ஆழத்துக்கே போய்விடும் என்றும் இல்லை. 2023இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் கரையொதுங்கிய பெரிய உருளை, இந்தியாவின் இன்னொரு ராக்கெட்டான பிஎஸ்எல்வியின் மூன்றாம் கட்டமாகவே பெரும்பாலும் இருக்கும் என்று அவுஸ்திரேலிய விண்வெளி முகவரகம் சொன்னது.

கொழும்பு டில்லியிடம் கேட்க வேண்டியவை இரண்டு: பாகங்கள் விழும் கடற்பகுதி பற்றிய அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு மீன்பிடித் துறைக்கும் நேரத்தோடு வர வேண்டும். வெள்ளம் வந்தால் ரேடார் படம் அன்றைக்கே மாவட்டச் செயலகத்துக்குக் கிடைக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு உத்தியோகத்தர் வந்து சேற்றில் நின்று ஏக்கர் கணக்குப் பார்ப்பதும், நட்டஈடு அடுத்த போகம் வரை இழுபடுவதும் எங்களுக்குப் பழகிப்போன கூத்து. அடுத்த மாரிக்கு முன் எந்தக் கட்சி எம்பியாவது இதைப் பாராளுமன்றத்தில் எழுப்பட்டும், நான் அவரை மேடையேற்றவும் தயார்.