முன்பக்க எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்
எந்தக் கால்சியம் மாத்திரையானாலும் ஒன்றுதான், மில்லிகிராம் அதிகமுள்ளதை வாங்குங்கள் என்று இங்கே வந்த கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடலூர் முதுநகரில் இருக்கும் என் அம்மா இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் வாங்கினார். அட்டையின் முன்பக்கம் பெரிதாக 1250 என்று போட்டிருந்தது. அது கால்சியம் கார்பனேட் என்ற சேர்மத்தின் மொத்த எடை, அதில் உள்ள கால்சியம் 500 மில்லிகிராம்தான் என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. கண்ணாடி போட்டாலும் அவரால் அதைப் படிக்க முடியாது. அதைவிடப் பெரிய தவறு, விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கியது. இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்று மருந்துக் கடையில் யாரும் சொல்லவில்லை. கார்பனேட் கரைய இரைப்பையில் அமிலம் வேண்டும், அதனால்தான் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்கிறார்கள். அம்மாவோ நெஞ்செரிச்சலுக்காக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சாப்பிட்டுவந்தார்! புதுச்சேரியில் ஒரு மருத்துவர்தான் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, கால்சியம் சிட்ரேட் என்ற வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார். கார்பனேட்டில் கால்சியம் 40 சதவீதம், சிட்ரேட்டில் 21தான். ஆனாலும் அமிலம் குறைந்த வயிற்றுக்கு சிட்ரேட்டே ஏற்றது. அம்மாவுக்கு இருந்த மலச்சிக்கலும் விட்டது. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், நம் ஊர் வெயிலுக்கு வைட்டமின் டி எதற்கு என்று கேட்டிருக்கிறார். அம்மா வெயில் ஏறுமுன்பே மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுவார். தோலில் வைட்டமின் டி உருவாக அந்த இளவெயில் போதாது. ரத்தப் பரிசோதனையில் குறைவாகத்தான் வந்தது. இப்போது அதற்கும் மருந்து எடுக்கிறார், காலையில் கேழ்வரகுக் கூழும் குடிக்கிறார்.